கழுதைக்கும் ஒரு சிலையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த லண்டன் பயணக் கட்டுரையைப் படித்தேன். பார்க் லேனில் உள்ள போர் விலங்குகள் நினைவிடத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, "கழுதைக்கும் சிலை வைக்கும் அளவுக்கு அவர்களிடம் காசும் நேரமும் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். தங்கள் பத்திரிகையில் இந்த வரி எப்படித் தப்பியது என்று புரியவில்லை.

2004-ல் திறந்த அந்த நினைவிடத்தில் சுமையோடு நிற்பவை இரண்டு கோவேறு கழுதைகள். போருக்குப் போவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய அவற்றுக்கு வழியில்லை என்று அங்கே கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகும் காசு ஞாபகம்தான் வந்ததா?

நான் ராணுவத்தில் ஏ.டி. கம்பெனியில், அதாவது விலங்குகளைக் கொண்டு சுமை கொண்டுபோகும் பிரிவில், கச்சர் நடத்தியவன். கோவேறு கழுதையைத்தான் அங்கே கச்சர் என்போம். "பட்டாளத்துக்குப் போயும் கழுதைதான் மேய்த்தாயா?" என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். பெண் பார்க்கப் போன வீட்டிலும் கேட்டார்கள். அவர்களுக்குத் தெரியாது, சரி. தங்களுக்குமா?

மலையில் முகாம் சேர்ந்ததும் நாங்கள் முதலில் டீ குடிக்க மாட்டோம். சுமையை இறக்கி, சேணத்தை அவிழ்த்து, முதுகை உள்ளங்கையால் தடவிப் பார்ப்போம். தோல் எங்காவது உரிந்திருந்தால் தண்டனை எங்களுக்கு. குளம்பில் இறுகிய பனியைச் சுரண்டி எடுத்து, தண்ணீர் காட்டி, தோப்ரா என்ற தீவனப் பையில் தானியம் போட்டுக் கழுத்தில் மாட்டிய பிறகுதான் எங்கள் சாப்பாடு. வண்டி ஏறாத இடத்தில் காவல் நின்றவர்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய், தோட்டா எல்லாம் அந்த முதுகில்தான் போனது.

பெடாங்கி என்ற கோவேறு கழுதையைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1971 போரில் எதிரி கையில் சிக்கி, அவர்களுடைய இயந்திரத் துப்பாக்கியும் தோட்டாப் பெட்டிகளும் முதுகில் இருக்க, தானாகவே நம் பக்கம் நடந்து வந்தது. கின்னஸிலும் இடம்பெற்றது. தங்கள் பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு வரி நான் பார்த்ததில்லை. இரண்டாம் உலகப் போரில், 1940-ல், பிரிட்டிஷ் படைகள் பின்வாங்கிக் கப்பலேறிய பிரான்சின் டன்கிர்க் துறைமுகத்தில் இந்தியக் கோவேறு கழுதைப் படையும் இருந்தது. வீரர்களைக் கப்பலேற்றினார்கள், கழுதைகளை பிரான்சிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். டன்கிர்க்குக்கு ஒரு பக்கம் ஒதுக்கியபோது இதற்கு மட்டும் இடமில்லை.

2022-ல் அனந்தநாக் மோதலில் இரண்டு குண்டு வாங்கி, பிறகு சிகிச்சையில் இறந்த ராணுவ நாய் ஜூமின் செய்தி, உள்பக்கத்தில் விளம்பரத்துக்குக் கீழே வந்தது. சில ஆண்டுகள் முன்புவரை ஓய்வுபெற்ற ராணுவ நாய்களை ஊசி போட்டு முடித்துவிடும் வழக்கம் இருந்ததே, அது டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனபோதும் தாங்கள் ஒரு தலையங்கம் எழுதவில்லை. கொடி நாளுக்கு மட்டும் ஆண்டு தவறாமல், உண்டியலில் பணம் போடும் அதிகாரியின் படம் வருகிறது.

மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். வரும் டிசம்பர் 7 கொடி நாளன்று அந்த உண்டியல் படத்துக்குப் பதிலாக, அதே அளவில், பெடாங்கியின் படத்தைப் போடுங்கள். இந்தக் கடிதத்தை இடமில்லை என்று வெட்டினாலும், தயவுசெய்து பெடாங்கியைப் பற்றிய வரிகளை வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர், குடியாத்தம்