கட்டிலடி

அன்பு மகளுக்கு,

ஒரே அறையில் ஐந்து பேர்; பையன் கூப்பிட்டால் திரும்புவதில்லை, தம்பியைத் தள்ளிவிடுகிறான், குணமே மாறிவிட்டது என்று எழுதியிருந்தாய். குணம் அவ்வளவு சீக்கிரம் மாறாது, அம்மா. ஓயாத இரைச்சலுக்குள் வளரும் குழந்தை காதை அடைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. அப்படி அடைக்கும்போது வேண்டிய சொல்லும் வெளியே நின்றுவிடுகிறது, அதுதான் தொல்லை.

நியூயார்க்கில் ரயில் பாதையை ஒட்டியிருந்த ஒரு பள்ளியைப் பற்றி 1975-இல் ஓர் ஆய்வு வெளியானது. தண்டவாளப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் மறுபக்கத்தாரைவிடப் பின்தங்கியிருந்தார்கள். பின்னர் தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகளும் வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகைகளும் பொருத்தினார்கள். 1981-இல் வெளியான அடுத்த ஆய்வில் அந்த வேறுபாடு காணவில்லை. இதை இன்னொரு முறை படி. உனக்கு இப்போது வேண்டியது இந்தச் செய்திதான்.

எனக்குச் சுட்டது வேறொன்று. நெருக்கடியான வீடுகளை ஆராய்ந்த கேரி எவன்ஸ் என்ற உளவியலாளர், தெருக் கூட்டத்தைவிட அறைக்கு எத்தனை பேர் என்பதையே முக்கியமாகப் பார்க்கிறார். அத்தகைய வீடுகளில் பெற்றோர் பிள்ளைகளோடு பேசும் பேச்சு சுருங்கிவிடுகிறதாம். பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்வதும் குறைகிறதாம். நாம் ஏழு பேர் இரண்டு அறைகளில் இருந்தோமே, அப்போது உன்னிடம் நான் என்ன பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். "நகரு", "கத்தாதே", "அப்புறம் பார்க்கலாம்". வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. கூட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டே இத்தனை ஆண்டுகள் தப்பித்திருக்கிறேன்.

கட்டிலுக்கடியில் பழைய போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டு, உள்ளே படுத்துப் படிப்பாய். யாரும் உன் மேல் இடிக்காத ஓர் இடம் அது. "ஊமைக்கோட்டான்" என்று சொல்லி, விருந்தினர் முன் உன்னைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

உன் பையன் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்கிறான் என்று குறைப்பட்டிருந்தாய். இழுக்காதே. தம்பியும் அங்கே நுழையாமல் பார்த்துக்கொள். அவன் தள்ளுவதெல்லாம் பெரும்பாலும் அதற்காகத்தான் இருக்கும். மற்றவர்கள் அடங்கிய பிறகு, அவன் அன்று கேட்டு நீ பதில் சொல்லாமல் விட்ட கேள்வி ஒன்றை நீயாக எடுத்துப் பேசு. அசதியாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும்.

அந்த இடுக்கின் அகலத்தை அளந்து எழுது. அங்கே மாட்டுகிற அளவில் சிறிய விளக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது, வரும்போது கொண்டுவருகிறேன்.

அப்பா