பெயர்தான் மைனஸ் ஐ

அன்புள்ள சேகர்,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டிக்கொள், நியாயம்தான். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. பெரியவன் பத்தாவது போய்விட்டான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன செவ்வாய் ராத்திரி ஒரு சர்வரின் பெயரை மாற்றினோம். 120 கான்ஃபிக் ஃபைலில் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். ஒவ்வொரு ஃபைலாகச் சுற்றிவர ஒரு ஃபார் லூப், உள்ளே சொல்லைத் தேடி மாற்றும் செட் (sed) கட்டளை, வந்ததை > என்ற அம்புக்குறி போட்டு அதே ஃபைலுக்கு ரீடைரக்ட். ஆமாம், அதே ஃபைலுக்கு. சிரிக்காதே. கட்டளையை வாங்கி ஓட்டும் ஷெல் முதலில் அம்புக்குறியைத்தான் பார்க்கும். ஃபைலைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் செட்டைக் கூப்பிடும். நம் ஹாஸ்டலில் கடைசிப் பந்திக்குப் போனவன் கதிதான் செட்டுக்கு. 120-ம் ஜீரோ பைட்.

பேக்கப் இருந்ததால் பிழைத்தேன். புத்தி வந்து, ஃபைலையே மாற்றச் சொல்லும் மைனஸ் ஐ (-i) ஆப்ஷனை செட்டுக்குப் போட்டு ஓட்டினேன். காலையில் பார்த்தால் நான்கு சர்வீஸ் மட்டும் இன்னும் பழைய பெயரையே கேட்டு அழுகின்றன. அந்த நான்கு ஃபைலும் சிம்லிங்க், அதாவது வேறு இடத்தில் இருக்கும் அசலைச் சுட்டும் வெறும் குறிப்பு.

இத்தனை வருஷமாக மைனஸ் ஐ என்றால் ஃபைலை இருந்த இடத்திலேயே திருத்தும் என்று நம்பியிருந்தேன். அது எதையும் திருத்துவதே இல்லையடா! அதே டைரக்டரியில் ஒரு தற்காலிக ஃபைலை எழுதி, முடிந்ததும் அதற்குப் பழைய பெயரைச் சூட்டிவிடுகிறது. முன்னும் பின்னும் எல்எஸ் மைனஸ் ஐ (ls -i) போட்டுப் பார், ஃபைலின் அடையாளமான ஐநோட் எண்ணே வேறு. (அந்த ஐ வேறு ஐ.) லிங்க் இருந்த இடத்தில் ஒரு சாதாரண ஃபைல் வந்து உட்கார்ந்துவிட்டது. சர்வீஸ் நேராகப் படிக்கும் அசல் ஃபைலை யாரும் தொடவில்லை. இதற்கென்றே லினக்ஸில் வரும் க்னூ செட்டில் ஃபாலோ சிம்லிங்க்ஸ் (--follow-symlinks) என்று ஆப்ஷன் இருக்கிறது. மேன் பக்கம் என்ற கையேட்டை நாம் என்றைக்கு முழுசாகப் படித்தோம்?

பெல் லேப்ஸில் லீ மக்மேஹன் எழுதிய செட்டில் இந்த மைனஸ் ஐயே கிடையாது. ஓடுகிற தண்ணீரில் கை வைப்பதற்காகச் செய்த கருவி அது, குளத்துக்காக அல்ல; வழியாக ஓடும் வரிகளை மாற்றும், கிடக்கிற ஃபைலை அல்ல. உன் மேக்கில் இன்னொரு கூத்து: மைனஸ் ஐக்குப் பின்னால் பேக்கப் விகுதி, அதாவது பழைய ஃபைலின் நகலுக்குப் பெயரோடு ஒட்டும் வால், கட்டாயம். விட்டுவிட்டால் உன் கட்டளையையே விகுதியாக எடுத்துக்கொண்டு, ஃபைல் பெயரைக் கட்டளை என்று நினைத்துக் கத்தும். இடைவெளி விடாமல் மைனஸ் ஐ டாட் பேக் (-i.bak) என்று ஒட்டி எழுது. லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும், பழையதும் பத்திரமாக இருக்கும்.

ஒன்று சொல்கிறேன், கிண்டல் செய்யாதே. அந்த ஜீரோக்களைப் பார்த்ததும் கை நடுங்கியது. முன்பெல்லாம் நடுங்காது. ராத்திரி வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். உனக்கு இப்படி ஆகிறதா?

அப்புறம், உனக்குக் கல்யாணப் பரிசாகத் தந்தேனே ஒரு ஸ்கிரிப்ட், இன்னும் ஓட்டுகிறாயா? அதிலும் வெறும் மைனஸ் ஐதான். அடுத்த தடவை ஓட்டுவதற்குள் திறந்து பார்த்துவிடு.

உன்,
மணி