சிரிக்க வேண்டிய இடம் அதுவன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓர் உயிரின் செல்லிலிருந்து அதன் மரபணு நகலை உருவாக்கும் குளோனிங்கைக் கருவாகக் கொண்ட அந்தச் சிறு முதலீட்டு ஆங்கிலத் திகில் படம் தமிழ்க் குரலுடன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானதை அடுத்து, தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் இரண்டு வாரங்களாக வெளிவரும் கருத்துகளை ஒன்றுவிடாமல் படித்து வருகிறேன். கடலூரில் முப்பத்தோராண்டுகள் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அந்த முறையிலும், கீழே சொல்லப்போகும் இன்னொரு காரணத்தாலும், இக்கடிதத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விபத்தில் மகளைப் பறிகொடுத்த விஞ்ஞானி ஒருவர், ஊருக்கு வெளியே தனித்து நிற்கும் வீட்டின் நிலவறையில் அவளுடைய திசுவிலிருந்து ஒரு நகலை உருவாக்குகிறார். சில வாரங்களிலேயே அது இருபது வயதுப் பெண்ணாக வளர்ந்துவிடுகிறது. இறந்தவளின் நினைவுகளும் அதற்கு வந்துவிடுகின்றன. பிறகு அதன் தோல் உரியத் தொடங்க, வீட்டிலுள்ளவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். மொத்தம் நான்கு நடிகர்கள், ஒரு வீடு, அவ்வளவுதான்.

இதுவரை வெளியான கருத்துகளில் பெரும்பாலானவை அந்தப் பெண்ணின் முகமூடியைப் பற்றியவை. கழுத்தில் ரப்பரின் விளிம்பு தெரிகிறது என்றும், இரத்தம் குங்குமம் கரைத்த தண்ணீர் போல் இருக்கிறது என்றும், ஆய்வுக்கூடம் என்று காட்டுவது பழைய சமையலறை என்றும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் கண்டவை யாவும் உண்மையே, நானும் கண்டேன். ஆனால் இவற்றைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் படத்தை ஒதுக்கியது நியாயமாக எனக்குப் படவில்லை. நம் மாவட்டத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் செய்து திடலில் மல்லாக்கக் கிடத்துகிறோம். அது காலையில் கொட்டிக் குழைத்த மண் என்பது கூடியிருக்கும் குழந்தைக்கும் தெரியும். ஆயினும் திரௌபதி வேடமிட்டவர் கூந்தலை முடிக்கும் நேரத்தில் சுற்றி நிற்கும் பெண்கள் அழுகிறார்கள், சிலர் மயங்கியும் விழுகிறார்கள். மண் உருவத்துக்கு அழத் தெரிந்த நமக்கு ரப்பர் உருவத்துக்கு அஞ்சத் தெரியாமல் போனதற்குப் பணக் குறைவைக் காரணமாகச் சொல்ல முடியாது. கூத்தில் அந்தக் கணத்துக்கு வந்து சேர இரவு இரவாகக் கதை சொல்கிறார்கள். இந்தப் படமோ முதல் கால் மணி நேரத்திலேயே முகமூடியை முழு வெளிச்சத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. இயக்குநர் மீது எனக்குள்ள முதல் குறை இதுதான்.

அதே இயக்குநர் மிக நன்றாகச் செய்த ஒரு பகுதியை ஒருவரும் குறிப்பிடாதது எனக்கு வருத்தமளிக்கிறது. நள்ளிரவில் மின்சாரம் நின்றுபோய், ஏறத்தாழ ஏழு நிமிடங்கள் திரையில் எதுவுமே தெளிவாகத் தெரியாமல், நிலவறையிலிருந்து தண்ணீர் சொட்டும் ஓசையும் யாரோ மூச்சு வாங்கும் ஓசையும் மட்டுமே கேட்கும் காட்சி அது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பின், வாரக்கணக்கில் மின்சாரம் இன்றி இருந்த எங்கள் பகுதி மக்களுக்கு அந்த இருட்டு நன்றாகத் தெரியும். கொல்லையில் சரிந்து கிடந்த முருங்கை மரம் காற்றில் உரசும் ஓசைக்கே அன்று நாங்கள் எழுந்து உட்கார்ந்தோம். கையில் பணம் இல்லாத ஒருவர் இருட்டையும் ஓசையையும் நம்பி எடுத்த அந்த ஏழு நிமிடங்களில் நான் உண்மையாகவே பயந்தேன்.

இனி அறிவியலுக்கு வருகிறேன். படத்தில் பெருந்தவறு இருப்பது இங்கேதான்; ஆனால் எழுதியவர்களில் ஒருவர்கூட அதைத் தொடவில்லை. மாறாக, "விஞ்ஞானம் சரியாகத்தான் காட்டப்பட்டிருக்கிறது, வேடம்தான் சரியில்லை" என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நகல் என்பது முழு வளர்ச்சி பெற்ற ஆளாக அறையிலிருந்து எழுந்து வருவதில்லை. ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் 1996 ஜூலை 5 அன்று பிறந்த டாலி என்ற நகல் செம்மறி ஆடு, ஆறு வயது ஆடு ஒன்றின் பால்மடிச் செல்லை, உட்கரு நீக்கிய வேறோர் ஆட்டின் கருமுட்டையோடு இணைத்து, மூன்றாவதாக ஓர் ஆட்டின் வயிற்றில் வளர்த்துப் பெறப்பட்டது. அது குட்டியாகத்தான் பிறந்தது, பால் குடித்துத்தான் வளர்ந்தது. 277 கருமுட்டைகளில் முயன்று கிடைத்த ஒரே குட்டி அது. அந்த எண்ணில்தான் உண்மையான திகில் இருக்கிறது என்று வகுப்பில் சொல்வது என் வழக்கம். கருவிலேயே கலைந்தவை எத்தனை என்று ஒரு மாணவி கேட்டபோது வகுப்பு முழுவதும் அமைதியானது இன்னும் நினைவிருக்கிறது. படத்தின் விஞ்ஞானி முதல் முயற்சியிலேயே வெற்றி பெறுகிறார். தோல்வியுற்ற முயற்சிகளை அந்த நிலவறையில் காட்டியிருந்தால் முகமூடியே தேவைப்பட்டிருக்காது.

இவையெல்லாம் வெளிநாட்டுக் கற்பனைகள், நமக்கென்ன என்று எழுதிய புதுச்சேரி வாசகருக்கு ஒரு செய்தி. அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் 2009 பிப்ரவரியில் குளோனிங் முறையில் ஓர் எருமைக் கன்று பிறந்து சில நாள்களிலேயே நுரையீரல் நோயால் இறந்தது. அதே ஆண்டு ஜூனில் கரிமா என்ற கன்று பிறந்தது. அங்கு உருவாக்கப்பட்ட இன்னோர் எருமையான கரிமா–2 பின்னர் 2013 ஜனவரியில் ஒரு கன்றை ஈன்றது. மனிதரை இவ்வாறு உருவாக்குவதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள் தடை செய்திருக்கின்றன.

நினைவுகளின் விஷயமும் இப்படியே. செல்லின் வழியே நினைவு வராது. உருவம்கூட அப்படியே வருவதில்லை. 2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்த சிசி என்ற பூனைக்குட்டி, வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று நிறங்கள் கொண்ட பூனையின் நகல். ஆனால் குட்டியின் உடலில் ஆரஞ்சு நிறமே இல்லை. எந்தச் செல்லில் எந்த நிறத்துக்கான மரபணு விழித்திருக்கும் என்பது கரு வளரும்போது தற்செயலாக முடிவாகிறது. மகளைத் திரும்பப் பெறப்போகிறோம் என்று நம்பும் படத்துத் தந்தைக்கு இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

மேலே சொன்ன அந்த இன்னொரு காரணம் இதுதான். நான் ஒரே உருவ இரட்டையரில் ஒருத்தி. கருவுற்ற ஒரே முட்டை இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள் நாங்கள். மரபணுக் கணக்கில் பார்த்தால் என் அக்காவுக்கு நான் நகல், எனக்கு அவர் நகல். எங்கள் கைரேகைகள் வேறு, கையெழுத்து வேறு. அவருக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா, எனக்கு அது வந்ததே இல்லை. "ஒரிஜினல் இறந்த பிறகு டூப்ளிகேட்டுக்கு வாழ உரிமை ஏது, அதைக் கொன்றது சரிதான்" என்று ஒரு வாசகர் எழுதியதைப் படித்த அன்று, முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அக்கா தொலைபேசியில் அழைத்து அந்த வரியை எனக்குப் படித்துக் காட்டினார். அவர் குரல் நடுங்கியது. படமும் அதே எண்ணத்தில்தான் முடிகிறது. பிறந்த விதம் ஒன்றையே குற்றமாக்கி அந்தப் பெண்ணை எரிக்கிறார்கள். அவள் பெயரைக்கூட ஒருவரும் கேட்பதில்லை, இறந்தவளின் பெயரையே அவளுக்கும் சூட்டி அழைக்கிறார்கள். ரப்பர் விளிம்பைக் கண்டுபிடித்த கண்களுக்கு இது தெரியாமல் போனது எப்படி?

குளோனிங்கே இயற்கைக்கு எதிரான பாவம் என்று எழுதிய பெரியவர் ஒருவருக்கும் மரியாதையுடன் பதில் சொல்ல விரும்புகிறேன். குளோன் என்ற சொல் கிரேக்க மொழியில் தளிர்க்கிளையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பண்ருட்டியின் ஒட்டுப் பலாவும், நாம் பக்கக் கன்று வைத்து வளர்க்கும் வாழையும், நெல்லிக்குப்பம் பக்கத்து வயல்களில் கரணையாக வெட்டி நடும் கரும்பும் அந்தப் பொருளில் நகல்களே. இதில் உள்ள ஆபத்து வேறு. எல்லாம் ஒரே மரபணு என்பதால் ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்து சர்க்கரைச் சத்தில் பெரும்பெயர் பெற்ற கோ.க. 671 இரகம் செவ்வழுகல் நோயிடம் தோற்றதை நம் கரும்பு விவசாயிகள் அறிவார்கள். இதை வைத்து ஒரு திகில் படம் எடுத்தால் நான் முதல் ஆளாகப் பார்ப்பேன்.

டாலி சீக்கிரம் இறந்ததால் நகல்கள் யாவும் அற்பாயுள் என்ற கருத்தும் திருத்தப்பட வேண்டும். 2003 பிப்ரவரியில் டாலியின் உயிரை வலியின்றி முடிக்க வேண்டி வந்ததற்குக் காரணம், ஆடுகளிடையே வைரசால் பரவும் நுரையீரல் கட்டி நோய். டாலியை உருவாக்கிய அதே செல் வரிசையிலிருந்து பிறந்த நான்கு ஆடுகள் உட்பட 13 குளோன் ஆடுகளைச் சோதித்த நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவை ஏழு முதல் ஒன்பது வயதிலும் பொதுவாக நல்ல உடல்நலத்துடன் இருந்ததாக 2016இல் வெளியிட்டார்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. இப்படத்தை இரவு பதினொரு மணிக்கு ஒளிபரப்பியதால் மாணவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கொலைக் காட்சிகளை நீக்கி, மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்காகக் கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் இதைத் திரையிட எந்தப் பள்ளியாவது நூலகமாவது முன்வந்தால், படம் முடிந்த பின் ஒரு மணி நேரம் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நான் வருகிறேன். என் அக்காவும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் இருவரையும் அருகருகே நிறுத்தி, எது அசல் என்று அவர்களே சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.