கிளாஸ்கோவில் இருக்கும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை, 'பெண்' என்ற சொல்லில் யார் யார் சேர்வார்கள் என்ற பேச்சுப் பாதியில் இருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்றாய். சரி கண்ணு, புரிந்ததா என்று எழுதிப் பார்க்கிறேன். அப்பா தூங்கியாச்சு.

உங்கள் ஊர்த் தீர்ப்பைத் தேடிப் படித்தேன். பொது வாரியங்களில் பாதி இடத்துக்குப் பெண்கள் வரவேண்டும் என்று 2018இல் ஸ்காட்லாந்து சட்டம் போட்டிருக்கிறது. சட்டப்படி பெண் என்று பாலினச் சான்றிதழ் வாங்கிய திருநங்கைகளும் அந்தக் கணக்கில் சேர்வார்கள் என்று அரசு சொல்ல, 'ஃபார் விமன் ஸ்காட்லாந்து' என்ற அமைப்பு வழக்குக்குப் போனது. 2025 ஏப்ரல் 16 அன்று லண்டன் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள்: 2010 சமத்துவச் சட்டத்தில் 'பெண்' என்றால் பிறவி உடலால் பெண். உன் தோழி அழுதாள் என்றாய். ஆனால் தீர்ப்பை வாசித்த ஹாட்ஜ் பிரபு, இதை ஒரு தரப்பு வெற்றியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, பாலினம் மாறியவர்களுக்கு அதே சட்டம் தரும் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது என்றும் சொன்னார். இரண்டு தரப்பாரும் அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள் போல.

எனக்கு என்னவோ தீர்ப்பைவிட உன் கிளினிக்கில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனைக்கு ஆள் கூப்பிடப் போடும் நோட்டீஸ்தான் மனசில் நிற்கிறது. 'பெண்கள்' என்று போடாமல் 'கர்ப்பப்பை வாய் உள்ளவர்கள்' என்று போடலாமா என்று கேட்டார்களாமே.

30 வருஷம் கிராம நர்ஸாக இருந்தவள் நான். தாராபுரம் பக்கம் இதே சோதனை முகாமுக்கு ஆள் கூப்பிட வீடுவீடாகப் போவேன். நம் பெண்களுக்கு அந்த இடத்துக்கு வாய்விட்டுச் சொல்ல ஒரு பேரே கிடையாது. மாதவிலக்கு என்றால் 'தூரம்', வெள்ளைபட்டால் 'சூடு'. நம் ஆஸ்பத்திரிப் பலகையில் 'உள்ளவர்கள்' என்று எழுதினால் சர்க்கரை உள்ளவர்கள், காசம் உள்ளவர்கள் என்றுதான் அர்த்தம். கர்ப்பப்பை வாய் உள்ளவர்கள் வாங்க என்றிருந்தால், "எனக்கு அந்தச் சீக்கெல்லாம் இல்லீங்க" என்று உன் அம்மிச்சியே திண்ணையை விட்டு இறங்கியிருக்க மாட்டாள். "30 வயசு தாண்டுன பொம்பளைங்க எல்லாரும் வாங்க" என்றேன், வந்தார்கள். வராத ஒருத்தியை முற்றிய பிறகுதான் பார்த்தேன். அதை எழுத வேண்டாம்.

உன் பக்கமும் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிற, டாக்டரிடம் ஆண் என்று பதிந்துகொண்ட திருநம்பிக்கு இந்தச் சோதனைக்கான அழைப்பு தானாக வராதாம். புற்றுநோய் பதிவேட்டைப் பார்த்துவிட்டா வருகிறது? அவருக்கு இன்னொரு வரி சேருங்கள். அதற்காகப் 'பெண்கள்' என்பதை அடிக்காதீர்கள்.

நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாத்திரை வாங்க வரும் திருநங்கை ஒருத்தர் எப்போதும் பொம்பளைங்க வரிசையில்தான் நிற்பார். "வாம்மா" என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் இந்தச் சோதனைக்கு அவரைக் கூப்பிட்டதில்லை. வரிசை வேறு, கேஸ் ஷீட் வேறு. இதைச் சொன்னால் வெறுப்பு என்பாளோ உன் தோழி? தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கழிவறை வாசலில் ஆளை மறிக்கக் கிளம்புகிறவர்களோடும் எனக்குச் சேர்த்தி இல்லை என்று அவளிடம் சொல்.

நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் படம் பிடித்து அனுப்பு. தமிழில் சொல்லி அம்மிச்சிக்குப் படித்துக் காட்டுகிறேன், கிளம்புகிறாளா பார்ப்போம். பருப்புப் பொடி பார்சல் வெள்ளிக்கிழமையே போட்டாயிற்று.

அம்மா