அத்தை வீட்டைப் படமெடுக்கப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

கடைசி ஆண்டுப் படைப்புக்கு கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் அத்தை வீட்டையே எடுத்துக்கொண்டது எனக்கு ரொம்ப சந்தோஷம். வீடியோ, ஃபிலிம், பென்சில் மூன்றையும் கொண்டுபோவதாகச் சொன்னாய். ஒன்றை மட்டும் மனசில் வை: "அத்தை, இன்னொரு தரம் செய்யுங்க" என்று எந்தக் காரணத்துக்காகவும் கேட்காதே. கேட்ட நொடியிலிருந்து அவர் வேலை செய்ய மாட்டார், செய்து காட்டுவார். தோள் விறைக்கும், கரண்டி மெதுவாகும், கை முடியைச் சரிசெய்யப் போகும். தவறினது தவறட்டும். வீட்டு வேலை நாளைக்கும் வரும். நீயும் நாளைக்குப் போ.

நாளைக்கு எடுப்பதும் இன்றைய ஷாட்டோடு ஒட்டவேண்டுமானால் கேமரா நிற்கும் இடம் மாறக்கூடாது. டிரைபாட் கால் மூன்றும் நிற்கும் இடத்தில் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டு, உயரத்தை நோட்டில் குறி. உன் ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கு 35 எம்எம் லென்ஸ் ஒன்றே போதும். ஃப்ளாட் சமையலறையில் 50 போட்டால் உன் முதுகு சுவரில் முட்டும். 24 போட்டால் ஓரத்துத் தட்டு முட்டை வடிவத்துக்கு இழுபடும், கிட்டே நீளும் கை வீங்கித் தெரியும்.

அத்தை அடுப்பு மூட்டுவது ஆறு மணிக்கு முன்னால். கோலாலம்பூரில் பொழுது விடிய 7 மணி ஆகிவிடும். ஆக, முதல் ஒரு மணி நேரம் டியூப் லைட்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 தடவை துடிக்கும். நீ விநாடிக்கு 30 ஃபிரேமில் 1/60 விநாடி ஷட்டர் வைத்தால் ஒரு ஃபிரேமுக்கு வெளிச்சம் கூடும், அடுத்ததற்குக் குறையும், சுவரில் பட்டை ஓடும். 25 ஃபிரேம், 1/50 வை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சரியாக இரண்டு துடிப்பு கிடைக்கும், படம் துடிக்காது.

விடிந்த பிறகு இன்னொரு தொல்லை. முகத்தின் ஒரு பக்கம் ஜன்னலின் நீலம், மறுபக்கம் டியூப் லைட்டின் பச்சை. கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ வைட் பேலன்ஸ் இரண்டுக்கும் நடுவே தடுமாறி, ஒரே ஷாட்டுக்குள் சுவரின் நிறத்தை மாற்றிவிடும். ஆட்டோவை அணைத்து, நீயே ஒரே அளவில் நிறுத்திவை. வெளிச்சத்தை ஜன்னலில் அளக்காதே, அத்தை கன்னத்தில் அள. டிஜிட்டல் என்றால் கேமராவின் ஒளி மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் வரை, அதாவது வெளிச்சம் பாதியாகும் வரை, குறை. மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும், நம் நிறம் பவுடர் பூசினதுபோல் வெளுத்துப்போகும். ஜன்னல் வெளுத்தால் பரவாயில்லை, முகம் வெளுக்கக்கூடாது.

சத்தத்தை லேசாக நினைக்காதே. ஃபிரிட்ஜின் உறுமலைப் பிறகு எடுத்துப்போடுவது பெரும்பாடு. அத்தையிடம் கேட்டு சுவிட்சை அணை, உன் சாவிக்கொத்தை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடு. சாவி இல்லாமல் கிளம்ப முடியாது, சுவிட்ச் போடவும் மறக்காது. பாங்கு கேட்கும்போதும் கொமுட்டர் ரயில் போகும்போதும் ஷாட்டை நிறுத்தாதே. ஓசை முடியும்வரை ஓடட்டும், இல்லாவிட்டால் எடிட்டிங்கில் வெட்டிய இடம் காதில் குத்தும். யாரும் பேசாத அறையின் ஓசையைத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்.

சம்பல் வதக்கும்போது லென்ஸில் யூவி ஃபில்டர் இருக்கட்டும், ஒன்றரை மீட்டர் தள்ளி நில். எண்ணெய் தெறித்தால் சட்டை முனையால் துடைக்காதே. ஏர்கான் அறையிலிருந்து கேமராவை அப்படியே சமையலறைக்குக் கொண்டுபோனால் கண்ணாடியில் நீர் பூக்கும். பைக்குள்ளேயே மூடி அரை மணி நேரம் வை. ஃபிரிட்ஜில் வைத்த ஃபிலிமை டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வெளியே வை. கறுப்பு வெள்ளை ஃபிலிமை நீயே கழுவுவதானால், படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பர் 20 டிகிரி செல்சியஸில் இருக்கவேண்டும். நம் குழாய்த் தண்ணீர் அதைவிட எவ்வளவோ சூடு. சூட்டில் கழுவினால் நேரம் 5 நிமிடத்துக்கும் கீழே இறங்கி, வானமும் சுவரும் திட்டுத்திட்டாக வரும். ஐஸை மருந்துக்குள் போடாதே, நீர்த்துப்போகும். பாட்டிலை ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்து. படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சரும் கழுவும் தண்ணீரும் அதே சூட்டை ஒட்டியே இருக்கட்டும்.

பென்சிலை மட்டும் கடைசிக்குத் தள்ளாதே. மூன்றிலும் எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை. சப்பாத்தி தேய்க்கும் கையை ஓட ஓட வரைய முடியாது. ஆனால் கட்டை முன்னே போய்த் திரும்பும் இடத்தில் கை ஒரு கணம் நிற்கும், சில விநாடியில் அதே இடத்துக்கு மறுபடி வரும். அந்த ஒரு நிலையை மட்டும் எடுத்துக்கொள். முதல் வருகையில் மணிக்கட்டின் சாய்வு, அடுத்ததில் கட்டைவிரல், அதற்கடுத்து முழங்கை. பத்துச் சப்பாத்திக்குள் கை முழுதாகத் தாளுக்கு வந்துவிடும். அதற்கு முன்னால், அசையாத பலகையையும் மாவுப் பாத்திரத்தையும் 2பி பென்சிலில் வரைந்துவைத்துக்கொள், கை எங்கே வரும் என்பது அவற்றை வைத்துத்தான் தெரியும். இன்னொரு தாளில் சமையலறையை மேலிருந்து பார்ப்பதுபோல் வரை: அடுப்பு, சிங்க், அஞ்சறைப்பெட்டி, அரிசி டின். ஒரு காலை முழுக்க அத்தை நடக்கும் வழியை அதில் கோடாகப் போடு. கோடு தடித்துக் கறுக்கும் இடத்தில் டிரைபாடை வைக்காதே, அது அவர் வழி. இங்குள்ள ஈரத்தில் மெல்லிய தாள் நெளியும், மையும் பரவும். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள தடித்த தாள் வாங்கி, ஜிப் பையில் வை.

அத்தை சம்மதித்துவிட்டார் என்பதால் எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. மருந்து டப்பா, கடன் சீட்டு, சாமி அறை, துவைக்கப் போட்ட துணி இவையெல்லாம் தெரியாமல் ஃபிரேமில் வந்துவிடும். ஆசிரியருக்கு அனுப்புமுன் 4ஆர் (4க்கு 6 அங்குலம்) அளவில் பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடு. போனில் காட்டினால் "நல்லாருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். பிரிண்டை மேசையில் பரப்பி உட்கார்ந்து பார்ப்பார். அவர் ஒதுக்கி வைப்பதை ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா
பினாங்கு