படிப்பது வேறு, மாற்றுவது வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

மரபணு என்று வாயெடுத்தாலே எங்கள் ஊர் டீக்கடையில் "மாத்துப் பயிரெல்லாம் நமக்கு வேண்டாம்" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். உங்களுக்கு வரும் கடிதங்களிலும் மரபணுவைப் படிப்பதையும் (அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதையும்), மாற்றுவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

போன கார்த்திகை மழையில் எங்கள் வயலில் ஒன்பது நாள் தண்ணீர் வடியவில்லை. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பயிர். வடிந்ததும் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் சேறு அப்பி அழுகிக் கிடக்கிறது. ஒரு தூரைப் பிடுங்கி அடியை நகத்தால் கீறினேன், உள்ளே குருத்து வெள்ளையாகக் கெட்டியாக இருந்தது! ஒரு வாரத்தில் பச்சை எட்டிப் பார்த்தது. பக்கத்து வயல் அண்ணன் போட்டதும் சி.ஆர். 1009 நெல்தான், ஆனால் சாதா ரகம். அவருக்குத் தொட்ட தூரெல்லாம் கையோடு வந்துவிட்டது. என்னுடையது சி.ஆர். 1009 சப்-1, அதே நெல்லில் வெள்ளம் தாங்கும் மரபணு சேர்ந்தது.

அந்த சப்-1 வந்த வழியைப் பாருங்கள். ஒடிசா விவசாயிகளின் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ வெள்ளம் தாங்கும் என்பது பல காலமாகத் தெரியும், ஆனால் அதை வேறு நெல்லோடு கலந்தால் வெள்ளம் தாங்கும் குணத்தோடு அதன் குறைந்த விளைச்சலும் சேர்ந்தே வந்துவிடும். 2005இல் நெல்லின் 12 குரோமோசோம்களையும் (மரபணுக்கள் அடங்கிய இழைகள்) படித்து முடித்தார்கள், 11ஆவதில் நம் நாட்டு விஞ்ஞானிகளின் உழைப்பும் உண்டு. மறு வருஷமே அந்தக் குணத்துக்கான மரபணு இன்னதென்று பிடிபட்டது. அது இருக்கும் பயிர் தண்ணீருக்குள் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, இருக்கும் சத்தைச் சேமித்து, இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கிறது. அப்புறம் கலந்து எடுத்த ஒவ்வொரு தலைமுறையையும் தண்ணீரில் மூழ்கடித்துப் பார்க்க வேண்டியதில்லை, நாற்றின் இலையில் ஒரு துண்டு கிள்ளி அந்த மரபணு இருக்கிறதா என்று சோதித்தால் போதும். நெல்லோடு நெல்லைக் கலந்ததுதான், வேறு உயிரின் மரபணு எதுவும் இதில் நுழையவில்லை.

குணம் ஒன்று கூடியதே தவிர மற்றபடி பழைய 1009 அப்படியே இருக்கிறது. அதனால் நெல்லைப் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. ஒரு விதைக்கடையில் "எல்லாம் ஒண்ணுதான்" என்று எனக்குச் சாதா விதையைக் கொடுக்கப் பார்த்தார்கள், நான் சீட்டைப் படித்ததால் தப்பித்தேன்.

உலகம் முழுவதிலுமிருந்து 3,000க்கும் மேற்பட்ட நெல் ரகங்களின் மரபணுக்களைப் படித்துவிட்டார்கள். வேதாரண்யம் பக்கம் உப்பு மண்ணில் நிற்கும் குழியடிச்சான், ஆள் உயரத்துக்கு மேல் வளரும் காட்டுயானம், இவற்றின் ஒவ்வொரு குணமும் எந்த மரபணுவில் இருக்கிறது என்று நம் வேளாண் விஞ்ஞானிகள் தேடிச் சொல்ல வேண்டும். தேடும்போது, அவற்றை விடாமல் விதைத்துக் காத்த விவசாயிகளையும் உட்காரவைத்துக் கேட்டு, அவர்கள் பெயரோடு பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சம்பா விவசாயி,
திருத்துறைப்பூண்டி வட்டம்