மத்திகிரிச் சாலையில் நடக்க ஓர் ஓரம் விடுங்கள்

ஓசூரிலிருந்து மத்திகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டை போகும் சாலையைப் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மத்திகிரிப் பக்கம் நடைபாதை கேட்டு நாங்கள் கொடுத்த மனுக்கள் உங்களிடம் இருக்கின்றன. அதனால் பழைய கதைக்குப் போகவில்லை. போன மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. கால்நடைப் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விடியற்காலையில் பண்ணைப் பக்கம் மர நிழலில் நடந்து வந்தால்தான் அவருக்குப் பொழுது விடியும். அன்று பெங்களூரிலிருந்து வந்திருந்த பேத்தியையும் கூட்டிக்கொண்டு போனார். இந்தப் பண்ணை 1824-ல் தொடங்கியது, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் படைக்குக் குதிரை வளர்த்த இடம் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே நடந்திருக்கிறார். பின்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர் ஹாரனை அழுத்திக்கொண்டு வந்தது. ஒதுங்க இடமில்லை. தார் முடிந்த இடத்தில் ஒரு முழப் பள்ளம். பிள்ளையை மரத்தடிக்குத் தள்ளிவிட்டு இவர் பள்ளத்தில் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

மாவுக்கட்டோடு சாப்பிடக் கஷ்டப்படுகிறார், அதைக்கூடச் சமாளித்துவிடலாம். காலையில் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறார், அதைத்தான் பார்க்க முடியவில்லை. ஸ்கூட்டரில் கூட்டிப்போகிறேன் என்றேன். "வண்டியில போனா மரம் எங்கப்பா தெரியும்" என்றார்.

எங்களுக்கு வேண்டியது நடக்க ஓர் ஓரம். கல் பதிக்க வேண்டாம். பள்ளத்தை நிரவி, நாலடி அகலத்துக்கு மண்ணை இறுக்கிக் கொடுத்தால் போதும். அதையும் மரங்களுக்கு அந்தப் பக்கம், பண்ணை வேலியை ஒட்டிப் போடுங்கள். அப்போது மரமே தடுப்பாக நிற்கும், ஒரு மரத்தையும் வெட்ட வேண்டியிருக்காது. நடைபாதை கேட்டோம் என்று மரத்தில் கை வைத்துவிடாதீர்கள்.

பெங்களூரில் கப்பன் பூங்கா 1870-ல் வந்தது. எங்கள் பண்ணை அதற்கு 46 ஆண்டுகள் மூத்தது. அங்கே நிழலில் நடப்பதற்கென்றே பாதை வைத்திருக்கிறார்கள். இங்கே புளியமரத்தில் ஆணி அடித்து மனை விற்பனைப் பலகை தொங்கவிட்டிருக்கிறார்கள், எடுக்கச் சொல்லக்கூட ஆளில்லை. இது எத்தனை வருஷத்து இடம் என்று சொல்ல ஒரு கல் உண்டா? ஊர் வளர்கிறது, சரி. ஊர்க்காரன் நடக்கக் கூடாது என்று யார் முடிவு செய்தார்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நடக்க ஓர் ஓரம் விடுங்கள் என்றுதான் மறுபடியும் கேட்கிறேன். உங்களில் ஒருவர் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வந்து எங்களோடு அந்தச் சாலையில் நடந்து பார்க்க வேண்டும். அடுத்த வாரம் அப்பாவுக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். அவரும் வருவார்.

இப்படிக்கு,
மத்திகிரியில் குடியிருக்கும் ஒருவன்